அப்பாவின் எடை

அன்று முன்கூடத்தில் இருந்தவர்கள்: எங்கள் வம்சத்தின் ஒன்பதாம் பிரபுவான என் தம்பி லயனல், அவன் மனைவி ஹெஸ்டர், பட்லர் டிரான்டர், மூத்தவளான நான். அப்பா இறந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸ்.

விருந்துக்கு முன்னும் பின்னும் எல்லோரையும் எடை பார்க்கும் நாற்காலியில் உட்காரவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாதான் முதலில் உட்காருவார். எடை கூடாதவர்களைப் பார்த்து, “என் சாப்பாடு பிடிக்கலையா?” என்று கூடம் அதிரச் சிரிப்பார்.

“கூரை ஒழுகுதுக்கா. இந்த நாற்காலிய வித்துடலாம்,” என்றான் லயனல்.

“பட்டத்துக்கு வந்து ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள வீட்டையே காலி பண்றியா?”

டிரான்டர் இருமினார். “பிரபு, முள் நூத்தி அறுபது ராத்தல் காட்டுதுங்க.”

நாற்காலி காலியாக இருந்தது. போன வருடம் விருந்துக்கு முன் அப்பாவின் எடை அதுதான்.

“துருப்பிடிச்சிருக்கும்,” என்றாள் ஹெஸ்டர். ஆனாலும் யாரும் உட்காரவில்லை. சாப்பிடப் போனோம். அப்பாவுக்குப் பிடித்த பிளம் புட்டிங்கும் இருந்தது.

திரும்பி வந்தபோது முள் நூற்று அறுபத்து மூன்றில் நின்றது.

நாற்காலியை விற்க ஒரு வியாபாரிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை லயனல் கணப்பில் போட்டான்.

நாற்காலி பழுதாகிவிட்டதால்தான் நாங்கள் விற்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நாற்காலி நன்றாகவே இருக்கிறது. அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை.