கடைசிக் காட்சி

ஜெசிந்தாவுக்குச் சிறுவயதிலிருந்தே விலங்குகளைப் படமெடுக்கும் பைத்தியம். அதுவே வேலையும் ஆனது. ஒரு விலங்கின் எல்லாக் காட்சிகளும் காப்பகத்தில் சேர்ந்துவிட்டால், அதற்கு இனிக் காடு தேவையில்லை என்பது சட்டம்.

வரையாட்டில் குட்டி பால் குடிப்பது மட்டும் பாக்கி. பனிமூட்டம் என்று பொய் சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடித்தாள்.

இன்று ஒரு தாய் ஆடு பத்தடியில் வந்து நின்றது. குட்டி மடியை முட்டியது. பழகிய விரல் தானாக அழுத்திவிட்டது. படம் அக்கணமே காப்பகத்துக்குப் போய்விட்டது.

மேலாளர் போனில் குதித்தார். "சூப்பர் மேடம்! வரையாடு முடிஞ்சுது. நாளைக்கே மலைக்கு மெஷின் ஏறிடும்."

வீட்டில் மகள் செல்போனோடு ஜன்னலுக்கு ஓடினாள். "அம்மா, அணில்! எடுக்கட்டுமா?"

ஜெசிந்தா பாய்ந்து லென்ஸைப் பொத்தினாள்.

"வேணாண்டி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."