டயரைக் காட்டுங்கப்பா

“பெத்த பிள்ளை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கிடக்கு. அப்பன் இங்க சைக்கிளுக்குப் பல்லு விளக்கிட்டிருக்கான்!”

முத்துவீரன் காதில் விழட்டும் என்றுதான் ஷோபனா சொன்னாள். விழுந்தது. ஆனால் அவன் நிமிரவில்லை. பழைய பிரஷ்ஷில் பேஸ்டைத் தொட்டு, மகள் உமாவின் சைக்கிள் கிரிப்பை வரிவரியாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கிரிப் வெள்ளை. சீட் வெள்ளை. டயரும் வெள்ளை. அந்தமான் மழைக்கும் செம்மண்ணுக்கும் இப்படியொரு சைக்கிளை எந்தப் புண்ணியவான் செய்து அனுப்பினானோ!

குட்வில் எஸ்டேட் பகுதியில், ஷோபனா வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கும் கொத்தனார் அவன். உமாவுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு. இங்கே பார்க்க முடியாது, மெயின்லேண்ட் கொண்டு போங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். மனைவி விஜயகுமாரி பிள்ளையோடு கப்பலேறிப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை.

சீக்கிரமே இருட்டிவிடும் ஊர் இது. இருட்டுவதற்குள் வீடியோ கால் வந்துவிடும்.

“அப்பா, என் சைக்கிள்?”

“இதோடா கண்ணு.”

“டயரைக் காட்டுங்கப்பா. இன்னும் கீழ. ம்... பெடலு?”

பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷன் வந்த மாதிரி இருக்கும். மாடிப்படியில் நின்று கேட்கும் ஷோபனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பன் அரைக்கிறுக்கு என்றால் மகள் முழுக்கிறுக்கு. படுத்த படுக்கையில் கிடந்தாலும் சைக்கிளில் தூசி ஒட்டக் கூடாதாம்!

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் பால் வாங்கப் போனவள், மேட்டில் அந்தக் காட்சியைப் பார்த்தாள்.

கொட்டும் மழை. ஹேண்டில்பாரில் கரணைப் பை ஆட, காலை அகட்டி வைத்துக்கொண்டு அந்தச் சின்ன சைக்கிளை மிதித்துப் போனான் முத்துவீரன். பஸ்ஸுக்கு நின்ற ஒருவன், “அரே தேக்கோ, பேபி ஸ்கூல் ஜா ரஹா ஹை! பாப்பா ஸ்கூலுக்குப் போகுது பாரு!” என்று கத்த, கூட்டமே சிரித்தது.

சாயங்காலம் அவன் சைக்கிளை உள்ளே உருட்டியதும் ஷோபனா பிடித்துக்கொண்டாள்.

“வெட்கமா இல்ல? பிள்ளை அங்க உயிருக்குப் போராடுது, நீ அது சைக்கிள்ல ஊர்வலம் போறே. உன் பைக் எங்கடா வீரா? ரிப்பேருன்னு சொன்னியே?”

“வித்துட்டேன்க்கா.”

“வித்துட்டியா! பணம்?”

“ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். விஜிக்குத் தெரியாது. ‘பைக்குல கை வச்சீங்க, அடுத்த கப்பல்லயே பிள்ளையோட வந்துடுவேன். நீங்க நடந்து செத்து எங்களைப் பிழைக்க வைக்க வேணாம்’னு சொல்லிட்டுப் போனவ. செய்யக்கூடியவதான்க்கா.” அவன் டயரில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினான். “வைத்தியத்தைப் பாதியில நிறுத்தினா பிள்ளை தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன்ல துளி சேறு தெரிஞ்சாப் போதும், யாரு ஓட்டினதுன்னு விஜி கேட்டுடுவா.”

ஷோபனா மாடியேறினாள். இறங்கி வரும்போது கையில் ஆப்பசோடா டப்பா.

“பேஸ்டுக்கு எல்லாம் இந்த மண்ணு மசியாது. இதைக் குழைச்சுப் போடு. மண்ணெண்ணெய் மட்டும் தொட்டுடாதே, மஞ்சளடிச்சுப் போயிடும். தள்ளு, டயரை நான் பாக்கறேன்.”

அன்றிலிருந்து இரண்டு பேருமாகத் தேய்த்தார்கள். “பைக் சத்தமே கேக்கலையே அக்கா?” என்று விஜயகுமாரி போனில் கேட்டபோது, “இப்பத்தான்மா நிறுத்திட்டு உள்ள போனான்” என்று கண்ணை இமைக்காமல் புளுகினாள் ஷோபனா.

போனில் உமாவின் முகம்தான் சிறுத்துக்கொண்டே வந்தது. முடி கொட்டிய தலையில் குல்லா ஏறியது. குரல் கம்மியது. ஆனாலும் அதே பாட்டு: டயரைக் காட்டுங்கப்பா.

அன்றைக்கும் மழை. இருவரும் தேய்த்து முடித்ததுமே போன் அடித்தது. முத்துவீரன் கைநிறைய அழுக்கு. போனை ஷோபனாவிடம் தள்ளிவிட்டுப் பின்பக்கம் கை கழுவ ஓடினான்.

“அப்பா எங்க ஆன்ட்டி?”

“கை கழுவறான். இரு, நானே காட்டறேன். எப்பப் பாரு என்னடி டயரு, பெடலு? இன்னைக்கு சீட்டைப் பாரு. இட்லி மாதிரி இருக்கு!”

போனை மேலே தூக்கினாள்.

“வேணாம் ஆன்ட்டி! கீழ! கீழ காட்டுங்க!”

அலறிய குரல் உடனே தணிந்தது. “அம்மா மருந்து வாங்கப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க.”

“வரட்டுமே. சீட்டும் சுத்தமாத்தானே இருக்கு?”

“சுத்தமாத்தான் இருக்கும். அப்பா சேறெல்லாம் துடைச்சுடுவாரு.” உமா மூச்சு வாங்கினாள். “சீட்டை இறக்கத்தான் மறந்துடுவாரு. முதல்லயே பாத்துட்டேன் ஆன்ட்டி, அது அப்பா உயரத்துல நிக்குது.”

ஷோபனா திரும்பிப் பார்த்தாள். ஆமாம். வெள்ளைச் சீட் ஒட்டகம் மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ரசமட்டம் பிடிக்கும் கொத்தனார் கண்ணிலும் படவில்லை, தினம் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தவள் கண்ணிலும் படவில்லை.

“நான்... இறக்கி வைக்கச் சொல்றேன்டி தங்கம்.”

“சொல்லாதீங்க ஆன்ட்டி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழுவாரு.”

பின்கதவு திறக்கும் சத்தம். முத்துவீரன் கையைத் துடைத்தபடி வந்தான்.

உமா இல்லாத தெம்பையெல்லாம் திரட்டிக் குரலை உயர்த்தினாள்.

“அப்பா, டயரைக் காட்டுங்க! நேத்து மாதிரி அழுக்கு இருந்துச்சோ, அவ்வளவுதான், ஆமா!”