நிறுத்து சார் அந்தப் பென்ஷனை!

"நிறுத்து சார் அந்தப் பென்ஷனை! இந்த மாசத்தோட நிறுத்து!"

தேசப்பன் ஓங்கித் தட்டியதில் மேஜைமேல் இருந்த டீ கிளாஸ் ஆடியது. கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையின் ஆபீஸில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன.

"யாரோட பென்ஷனை?" என்றார் கிளார்க் பரசுராமன்.

"எம்மருமவ அஞ்சம்மாளோடதைத்தான். வேற ஒருத்தனைக் கட்டிக்கினா சார். அவ மறுகல்யாணம் பண்ணிக்கலைன்னு வருஷா வருஷம் நான்தானே கைநாட்டு வைக்கிறேன்? இந்த வருஷம் வைக்க மாட்டேன்."

பரசுராமனுக்குச் சுருக்கென்றது. மஞ்சள் காமாலையில் செத்துப்போன அரசப்பனின் அப்பா இந்தக் கிழவர். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அதிலிருந்து ஆலை வேலைக்கு வந்த முதல் ஆள் அரசப்பன்.

ஆலையில் பென்ஷன் பண்டு ஒன்று உண்டு. சம்பளத்தில் பிடிப்பது போக, இஷ்டப்பட்டால் கூடப் போடலாம். போட்டால் பின்னால் வருவதும் கூடும். எவன் போடுவான்? அந்தக் காசு கையில் இருந்தால் பொன்னேரிச் சந்தையில் நாலு சாமான் வாங்கலாமே. அரசப்பன் ஒருத்தன்தான் ஓவர்டைம் காசை அப்படியே பண்டில் போட்டு வந்தான்.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா அஞ்சம்மா எவங்கிட்டயும் கையேந்தக் கூடாது சார்" என்பான். மாதாமாதம் அதை வரவு வைத்தது பரசுராமன்தான். டீயைக்கூட மிச்சம் பிடித்து அவன் சேர்த்த பணம் அது. அதைப் பிடுங்க இன்றைக்குப் பெற்ற அப்பனே வந்து நிற்கிறார்.

"யாரைக் கட்டிக்கிட்டா?"

"சின்னராசுன்னு ஒருத்தன். எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரிக்குப் பஞ்சர் ஒட்டுறான்."

"பெரியவரே, நீரும் அந்தப் பணத்துலதானே சாப்பிடுறீர்?"

"ஆமா. கண்ணு மங்கிப் போச்சு, ஏரில எறங்க முடியல. அவதான் கஞ்சி ஊத்துறா."

"அப்புறமுமா?"

"அப்புறமும்தான். நீ எழுது சார்!"

இப்படியும் ஒரு வயிற்றெரிச்சலா என்று பரசுராமனுக்கு ரத்தம் கொதித்தது. கிழவர் மடியில் வைத்திருந்த பையைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது. உள்ளே புத்தம் புதுசாக அரக்கு நிறப் புடவை ஒன்று, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அவ வயித்துல அடிச்சுட்டுப் புடவை வேறயா? இது யாருக்கு?"

கிழவர் பையைச் சுருட்டி நாற்காலிக்கடியில் தள்ளினார்.

பரசுராமன் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாருங்க. சின்ன வயசு. போனவன் போயிட்டான், அவளாவது நல்லா இருக்கட்டும்னு உமக்குத் தோணலையா? ஒரு கைநாட்டு வச்சுட்டுப் போங்க. நான் ஒண்ணும் கேக்கல, நீர் சொன்னது எதுவும் என் காதுல விழல. பென்ஷன் பாட்டுக்கு வரும்."

நேர்மைக்குப் பேர் போன பரசுராமன், வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பொய்க்குத் துணை போகத் தயாரானார்.

"பொய்க்குக் கைநாட்டு வைக்கச் சொல்றியா சார்? எங்க வம்சத்துல அந்தப் பழக்கமே கெடையாது!" என்று கிழவர் எகிறினார். "அந்தப் பாழாப்போன பணம் எங்க ஊட்டுக்கு வரவே கூடாது!"

"யோவ், நீயெல்லாம் மனுஷனாய்யா? ஒருதரம் நிறுத்தினா நிறுத்தினதுதான். அப்புறம் மேனேஜரே நினைச்சாலும் கிடைக்காது. தெரிஞ்சுக்க!"

கிழவர் மேஜைமேல் குனிந்தார். "நெசமாவா? அவளே வந்து அழுதாலும்?"

"அவளே வந்து அழுதாலும்!"

"அது போதும்" என்றார் தேசப்பன். மருமகள் மறுமணம் செய்துகொண்டாள் என்று பரசுராமன் எழுதிய தாளில் கட்டைவிரலை அழுத்திப் பதித்தார். விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி வெளியே நடந்தார்.

எழுதிய வேகத்தில் பேனா முள் வளைந்துவிட்டிருந்தது. பரசுராமனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படுபாவி, மகன் ரத்தத்தைச் சிந்திச் சேர்த்ததை ஒரு விரலால் அழித்துவிட்டானே! இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் நாற்காலிக்கடியில் அந்தப் பை கண்ணில் பட்டது. இதை அவர் முகத்தில் வீசிவிட்டுக் கேட்கலாம் என்று எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்.

கேட்டுக்கு வெளியே, கையெல்லாம் கிரீஸோடு ஒரு வாலிபன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இப்பயாவது அஞ்சம்மா சம்மதிக்குமா நைனா?" என்று கேட்டான் அவன்.

பரசுராமன் பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அவளுக்கு உம்மேல உசுருடா, சின்னராசு. கட்டிக்கினா பென்ஷன் நின்னுடும், எனக்குக் கஞ்சி ஏதுன்னுதானே வேணாம் வேணாம்னா?" என்றார் தேசப்பன். "நிறுத்திட்டு வந்துட்டேன். போய்ப் பொண்ணு கேளு."