வாசல் கதவு திறந்துள்ளது

எலெக்ட்ரீஷியன் பெண் உள்ளே நுழைந்தபோது கடைக்காரன் கையில் சுத்தியல் இருந்தது. சுவரில் சுவிட்ச் போர்டு இருந்த இடத்தில் வெறும் ஒயர்கள் தொங்கின. தரையில் நொறுங்கிய பிளாஸ்டிக், அதன்மேல் ரத்தம்.

ரத்தம் அவன் மனைவியின் உதட்டிலிருந்து வந்தது. அவள் மேஜைக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். முதலில் அடித்துவிட்டு அப்புறம் விசாரிப்பதுதான் அந்த வீட்டு நியாயம். விசாரணைக்குத்தான் எலெக்ட்ரீஷியனை வரவழைத்திருந்தான்.

"பொம்பளையா பார்த்து அனுப்புங்கன்னு கம்பெனியில சொன்னேன். கண்டவனையும் வீட்டுக்குள்ள விடற ஆள் நான் இல்ல."

"நல்லதுதான் சார்." அவள் ரத்தத்தைத் தாண்டிப் போய்ப் பையை இறக்கி வைத்தாள். "என்ன கம்ப்ளெயின்ட்?"

அவன் போனை நீட்டினான். விளக்கு, மின்விசிறி, வாசல் கதவு எல்லாம் அந்த வீட்டில் போனுக்குக் கட்டுப்பட்டவை, மனைவியையும் சேர்த்து.

"கதவு திறந்தா உடனே எனக்குத் தெரிஞ்சிடும். கடை பக்கத்துத் தெருதான், இவ பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள வந்து பிடிச்சிடுவேன். நேத்து 'திறந்துள்ளது'ன்னு காட்டுச்சு. ஓடி வந்து பார்த்தா மகாராணி உட்கார்ந்து காய் நறுக்கிட்டு இருக்கா. கதவைத் தொடவே இல்லையாம்!"

"சத்தியமா தொடலைங்க..."

"வாயை மூடு!" சுத்தியல் மேஜையில் இறங்கியது. மேஜைக் கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறியது. எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினான். "உனக்கு ஒரே வேலைதாம்மா. கதவுப் பூட்டைத் திறக்கற அந்த ரிலே பொய் சொல்லுதா, இவ பொய் சொல்றாளா, பார்த்துச் சொல்லு. ரிலே சரியா இருந்துச்சுன்னா இவ ரெண்டு காலையும் உடைக்கறேன். அப்புறம் எப்படி வெளியே போறான்னு பார்க்கறேன்."

எலெக்ட்ரீஷியன் சிரித்தாள். "காலை உடைச்சிட்டா சமையல் யார் சார் பண்றது?"

அவனும் சிரித்துவிட்டான். வருவது பெண் என்று தெரிந்ததும் கொஞ்சம் நம்பிக்கை வைத்ததற்காக மனைவி தன்னையே நொந்துகொண்டாள்.

எலெக்ட்ரீஷியன் கதவோரம் ரிலே இருந்த சின்னப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். "கதவுப் பக்கத்துல இருக்கற பட்டனை அழுத்துங்க சார்."

அழுத்தினான். ரிலே 'டக்' என்றது, பூட்டு விட்டது, போனில் 'திறந்துள்ளது' என்று வந்தது. கதவைச் சாத்தினான், 'மூடியுள்ளது' என்று வந்தது. இன்னொரு தடவை செய்தார்கள். அதே 'டக்', அதே சொல்.

"பார்த்தியா? கனகச்சிதமா வேலை செய்யுது!"

ஒரே பாய்ச்சலில் போய் மனைவியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் கண்ணாடிச் சில்லுகள்மேல் முழங்காலிட்டு விழுந்தாள். கத்தினால் இன்னும் அடி விழும் என்று தெரிந்ததால் கத்தவில்லை. சுத்தியல் மேலே போனது.

"சார்! சார்!" எலெக்ட்ரீஷியன் குரலில் எரிச்சல்தான் இருந்தது. "வேலையை முடிக்க விடுங்க. ரெண்டு தடவை ஒழுங்கா வந்துட்டா சரின்னு அர்த்தமா? கொஞ்சம் சூடானாத்தான் இதோட வண்டவாளம் தெரியும். பட்டன் பக்கம் வராதீங்க. அங்கேயே நின்னு போனை மட்டும் பாருங்க."

சுத்தியல் பாதியில் நின்றது. புருஷனும் மனைவியும் போனையே பார்த்தார்கள்.

எலெக்ட்ரீஷியனின் வலது கை ஸ்க்ரூடிரைவரோடு பெட்டிக்குள்ளேயே இருந்தது. அந்தக் கையின் சுண்டுவிரல் என்றோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது.

போன் அதிர்ந்தது. 'வாசல் கதவு திறந்துள்ளது.'

அவன் ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்தான். அசையவே இல்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போதே போன் 'மூடியுள்ளது' என்றது, உடனே மறுபடியும் 'திறந்துள்ளது' என்றது.

"ரிலே போச்சு சார்," என்று உதட்டைப் பிதுக்கினாள் எலெக்ட்ரீஷியன். "புதுசு வந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் இப்படித்தான், நினைச்சப்ப எல்லாம் 'திறந்துள்ளது'ன்னு காட்டும். ஒவ்வொரு தடவையும் கடையைப் போட்டுட்டு ஓடி வந்தீங்கன்னா வியாபாரம் படுத்துடும். கண்டுக்காதீங்க."

அவனுக்கு முகம் தொங்கிப்போனது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லாததால், "எழுந்து கண்ணாடியைக் கூட்டு" என்று மனைவியிடம் சொன்னான். கடைக்குப் போவதற்கு முன் சட்டைக் கையில் பட்ட ரத்தத்தைக் கழுவக் குளியலறைக்குள் போனான். குழாய்ச் சத்தம் கேட்டது.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அது கெட்டுப்போகலைங்க," என்று கிசுகிசுத்தாள். "நேத்து நான்தான் திறந்தேன். வெளியே கால் வச்சதுமே அவர் வண்டிச் சத்தம் கேட்டுச்சு, பயந்து உள்ள வந்துட்டேன். வேற யாரையாவது கூட்டிட்டு வந்து பார்த்தார்னா என்னைக் கொன்னுடுவார்."

பெட்டியின் மூடியை முடுக்கிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்க்கா. இன்னிக்கும் திறங்க, அவர் வரமாட்டார்."