கணினி கற்றுக்கொண்ட வரி

தட்டச்சுக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அடியில் நுழையும் மதிய வெயில் எழுத்தழிந்த கீபோர்டு வரை வந்து நிற்கிறது. கடைக்காரர் ஸ்டூலில் இருக்கிறார். போன வருஷம் இறந்துபோன அவர் மனைவியின் நாற்காலியில் அவளுடைய தம்பி. கம்ப்யூட்டர் மெக்கானிக். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற வந்திருக்கிறான். "ஃபைல் எல்லாம் காப்பி எடுத்துட்டேன் மச்சான். இன்னும் இந்தக் கிழத்தை நெட்டுல விட்டா, வைரஸ் வந்து வாரிக்கிட்டுப் போயிடும்." "உங்கக்கா அடிச்சு அடிச்சு இது கத்துக்கிட்ட வார்த்தைங்க?" "அது வராது. புதுசு நீங்க அடிக்கிறதக் கத்துக்கும்." "நான் என்னத்த அடிப்பேன்? 'கடன் கிடையாது'ன்னு அடிப்பேன்." மெக்கானிக் சிரிக்கிறான். "அப்படி என்னதான் கத்துக்கிட்டிருக்காம்?" கடைக்காரர் எட்டி, 'த' என்று ஒரே எழுத்தைத் தட்டுகிறார். அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி தானாக விரிகிறது: தம்பி சாப்பிட்டியா. தினமும் மத்தியானம் தவறாமல் அவள் இதிலிருந்து தம்பிக்கு அனுப்பிய மெசேஜ் அது. 'இப்போது நிறுவு' என்ற பொத்தான் மூலையில் நீலமாகக் காத்திருக்கிறது. மின்விசிறி கடகடக்கிறது. மெக்கானிக் மவுஸை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறான்: இன்னும் இல்லக்கா. அதற்குப் பக்கத்தில் எதுவும் விரியவில்லை. கர்சர் மட்டும் துடிக்கிறது. அவன் மேஜைக்கடியில் குனிந்து நெட் வயரைப் பிடுங்குகிறான். "இது இப்படியே இருக்கட்டும் மச்சான். வேலைக்கு வேற மிஷின் கொண்டாறேன்." குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆகிறது.