ஓநாய் கொடுத்த பங்கு

“வாயை மூடிக்கிட்டா அவளுக்குப் பிடிக்காது. பல்லைக் காட்டுங்க. நக்கிப் பார்த்துட்டு அவ பாட்டுக்குப் போயிடுவா,” என்றாள் ஓநாய்களைப் பராமரிக்கும் டாட்டி, தூரத்தில் நின்ற பெண் ஓநாயைக் காட்டி.

கம்பி வேலிக்குள் ஆறு பேர் ஒரு மரக்கட்டையின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி இருவர் வெர்னனும் அவர் மனைவி நோரீனும்.

கொலராடோ மலையடிவாரம். பனி கணுக்கால் வரை கிடந்தது.

யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வெர்னன் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நோரீன் தடுக்கவில்லை. அவருடைய நுரையீரல் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து ஐந்து வாரமாகிவிட்டது. கடைசி ஸ்கேனின் முடிவு நாளை, திங்கட்கிழமை, தெரிந்துவிடும். அறுபத்திரண்டு வயதில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பிறந்தநாள் பரிசு, ஓநாயைத் தொட்டுப் பார்ப்பது.

ஓநாய் அவரைக் கடந்து போய்விட்டால் நாளை நல்ல செய்திதான் என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

அது சத்தமில்லாமல் வந்தது. ஒவ்வொரு வாயாக முகர்ந்தது, நக்கியது.

“எங்க அம்மாகூட இப்படிச் சோதிச்சதில்ல,” என்றான் முதலில் இருந்த கல்லூரிப் பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

வெர்னனின் பற்களையும் நக்கியது. பிறகு மூக்கை அவர் கோட்டுக்குள் நுழைத்து, நெஞ்சருகே நெடுநேரம் அசையாமல் நின்றது.

விலகிப் போனது.

நோரீன் மூச்சு விட்டாள்.

பைன் மரத்தடி வரை போன ஓநாய் திரும்பியது. நேராக வெர்னனிடம் வந்து தலையைத் தாழ்த்தியது. அதன் வயிறு இரண்டு முறை குலுங்கியது. அவர் பூட்ஸ் மேல் ஒரு குவியல் இறைச்சியைக் கக்கியது. ஆவி பறந்தது.

அதை மூக்கால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, பின்வாங்கிக் காத்திருந்தது.

“நோரீன் சமையலுக்கு இது எவ்வளவோ தேவலை,” என்றார் வெர்னன். மறுபடியும் சிரிப்பு.

டாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

“எதுக்கு இப்படிப் பண்ணுது?” என்றான் அந்தப் பையன்.

“குட்டிங்களுக்குக் கொடுக்கும்.” டாட்டி கொஞ்சம் தயங்கினாள். “கூட வேட்டைக்கு வர முடியாததுங்களுக்கும்.”

டாட்டி கதவைத் திறந்து மற்றவர்களை வெளியே அனுப்பினாள். ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் என்று வாசலில் கறாராகச் சொன்னவள், வெர்னனிடம், “நீங்க இருங்க சார், அவசரமில்ல,” என்றாள்.

நோரீன் வேலி வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனியில் சின்னச் சத்தமும் தெளிவாகக் கேட்டது.

வெர்னன் கையுறையைக் கழற்றினார். ஓநாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதில் பேசினார்.

“வெள்ளிக்கிழமையே டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிட்டார். அவகிட்ட மட்டும் காட்டிக்காதே, என்ன?”

ஓநாய் அவர் தோளுக்கு மேலாக நோரீனையே பார்த்துக்கொண்டிருந்தது.