பட்டுச் சாத்திய புத்தகம்

"பதினேழு பிழை. ஒரே பக்கத்தில பதினேழு," என்றாள் அன்னபாக்கியம். மகள் யோகத்தின் நோட்டுப் புத்தகத்தைக் கணவரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சிவசம்பு, ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பெரிய கிராணி; கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். ஆபீசில் இங்கிலீஷில் அதட்டுவார். வீட்டில் தமிழில் கேட்டுக்கொண்டிருப்பார்.

"பிள்ளையின்ர பிழையோ?"

"பிள்ளையின்ர இல்லை. வாத்தியார் பலகையில எழுதின பாட்டை இவள் பார்த்து எழுதியிருக்கிறாள். இவரிட்டைப் படிச்சால் தன்ர பேரையும் பிழையாத்தான் எழுதுவாள். என்ர அப்பா யாழ்ப்பாணத்தில பண்டிதர். நான் நாலாம் வகுப்போட நிண்டனான் எண்டாலும் எனக்கு எழுத்துத் தெரியும்."

"ஓம்."

"புதன்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வாறார். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"நீரே சொல்லும்."

மணியம் வாத்தியார் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து மூன்று வருஷம். அதற்கு முன்பு பிள்ளைகள் பாதி நாள் புல் பிடுங்கப் போய்விடுவார்கள். இப்போது சாயங்காலமானால் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்து பழைய காவியத்திலிருந்து பாட்டுப் பாட்டாகச் சொல்கிறார்கள். பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெரியவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அந்தக் காவியம் அன்னபாக்கியத்தின் வீட்டில் இருந்தது. சீதனத்தோடு வந்த புத்தகம். வாத்தியார் மூன்று முறை கேட்டுப் பார்த்தார்.

"ஒரு வாரத்துக்குக் குடுங்கம்மா. பார்த்து எழுதிட்டுத் திருப்பித் தந்துடுறேன்."

"குளிச்சு முழுகாமல் தொடுற புத்தகமில்லை அது. சரஸ்வதி."

மூன்றாம் முறை அவர் குளித்துவிட்டே வந்தார். அதற்கும் கொடுக்கவில்லை.

புதன்கிழமை காலை ரயிலில் இறங்கி, சிவசம்புவோடு கிராணி வீட்டுக்கு வந்தார் இன்ஸ்பெக்டர் ராஜசேகரன். அன்னபாக்கியம் முதலில் தேத்தண்ணி கொடுத்தாள், பிறகு வடை கொடுத்தாள், பிறகு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார்.

"பதினேழு இல்லீங்கம்மா. பத்தொன்பது."

அன்னபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. "இப்பிடி ஒராளை வைச்சிருக்கலாமோ?"

"வைக்க முடியாதும்மா. நான் ரிப்போர்ட் எழுதினா இந்த மாசத்தோட சரி. அவரைக் கூப்பிடுங்க."

சட்டையில் சுண்ணாம்புத் தூளோடு வந்து படிக்குக் கீழே நின்றார் மணியம். இந்த வேலை போனால் அவருக்கு மரம் வெட்டப் பால்வாளி, இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பக் கப்பல். அது அவருக்கும் தெரியும்.

"இது நீங்க பலகையில எழுதினதா?"

"ஆமாங்கய்யா."

"எந்தப் புத்தகத்தைப் பார்த்து?"

"புத்தகம் இல்லீங்கய்யா. எங்கப்பா கூத்துல பாடுவாரு. காதால கேட்டதுதான். முந்நூறு பாட்டு இருக்கும். எழுதறப்போ எழுத்து தடுமாறுது. ஒரு தடவை புத்தகத்தைப் பார்த்தேன்னா திருத்திக்குவேன்."

"புத்தகம் இங்க யாருகிட்டயும் இல்லையா?"

மணியம் அலமாரிப் பக்கம் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியலீங்கய்யா."

"எங்கட அலமாரியில இருக்கு," என்றாள் வாத்தியாரின் பின்னாலேயே வந்திருந்த யோகம்.

"அப்படியா? நல்லதாப் போச்சு. எடுங்கம்மா, பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்த்துடுவோம். அப்புறம் ரிப்போர்ட்டை எழுதறேன்."

அன்னபாக்கியம் கை கால் கழுவிக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்த சாவியால் அலமாரியைத் திறந்தாள். புத்தகத்தின் மேல் பதினொரு பட்டுத்துண்டுகள் இருந்தன. சரஸ்வதி பூசைக்கு ஒன்று வீதம் பதினொரு வருஷம் சாத்தியவை. பூசைக்கு மறுநாள் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கவேண்டும் என்றும் ஒரு வழக்கம் உண்டு. அதை மட்டும் அவள் செய்ததில்லை.

பட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சந்தனமும் குங்குமமும் தடிப்பாகக் காய்ந்திருந்த அட்டை தெரிந்தது. சிவசம்பு புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"பாரமே இல்லையே," என்றார்.

அட்டை மட்டும்தான் கையோடு வந்தது. கீழே, புத்தகம் இருந்த இடத்தில், புத்தகத்தின் அளவுக்கே கறையான் மண் இருந்தது.

"பத்தொன்பது எழுத்தை வாத்தியார் சிதைச்சிருக்கார், சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமே எதைப் பார்த்து அவரைத் திருத்துறதும்மா?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து யோகம் கைகட்டி நின்றாள். முதல் பாட்டைத் தொடங்கி, மூச்சுவிடாமல் நாலு பாட்டுச் சொல்லி முடித்தாள். காதுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. சிவசம்பு அட்டையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சிங்கப்பூர்லேருந்து ஒரு புத்தகம் அனுப்பச் சொல்றேன், மணியம். அது வர்ற வரைக்கும் நிறுத்தாம சொல்லிக்குடுங்க. வந்ததும் எழுத்தைத் திருத்திக்குங்க."

"சரிங்கய்யா," என்றார் மணியம்.

அடுத்த மாதம் சரஸ்வதி பூசை வந்தது. சிங்கப்பூர்ப் புத்தகம் இன்னும் வரவில்லை. முந்தின நாள் யோகம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். முந்நூறு பாட்டும் வாத்தியார் கைப்பட எழுதியது.

"பூசைக்கு அம்மாவின்ர அலமாரி வெறுமையா இருக்கக் கூடாதாம். வாத்தியார் தந்துவிட்டவர்."

அன்னபாக்கியம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அலமாரியில் வைத்து, புதுப் பட்டுச் சாத்தி, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தாள்.

பூசைக்கு மறுநாள் யோகம் அலமாரி முன்னால் வந்து நின்றாள்.

"அதைத் தாங்கோ அம்மா, படிக்க. பிழை கொஞ்சம் இருக்குமாம். சிங்கப்பூர்ப் புத்தகம் வந்ததும் திருத்தித் தாறன் எண்டவர்."

"சாமிப் புத்தகத்தில பிழை பிடிக்கக் கூடாது, பிள்ளை," என்று சொல்லி அலமாரியைப் பூட்டினாள் அன்னபாக்கியம்.